பந்தைப் பார்க்காத மனிதர்

மாஸ்டருக்குக் கார் ஓட்ட வராது. மெல்பேர்னுக்கு வந்த புதிதில் லைசென்ஸ் சோதனைக்குப் பல தடவை போனார். போன தடவையெல்லாம் தோற்றுவிட்டு வந்தார். கடைசித் தடவை நான்தான் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சோதனை செய்த அதிகாரி காரைவிட்டு இறங்கி என்னிடம் வந்து, "உன் நண்பர் நல்ல மனிதர். ஆனால் ரோட்டைப் பார்ப்பதே இல்லை" என்றார். திரும்பி வரும்போது மாஸ்டர் சொன்னார்:

"ஐசே, பஸ் ஸ்ராண்டில ஒரு மனுசி அழுதுகொண்டு நிண்டவ. எனக்குப் பக்கத்தில இருந்த அந்த ஒபிசர் அதைக் காணவே இல்லை."

அதோடு லைசென்ஸ் எடுக்கும் யோசனையை அவர் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு வந்த குளிர்காலங்களில் சனிக்கிழமை தோறும் என்னுடைய பழைய ஹோல்டன் கார்தான் அவரை மைதானம் மைதானமாகக் கொண்டு திரிந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. நோபல் பார்க்கில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு தெருதான். அந்தப் பக்கத்தில் தமிழ் கேட்கவேண்டுமென்றால் நான் அவருடைய வீட்டுக்குப் போகவேண்டும், அல்லது அவர் என்னுடைய வீட்டுக்கு வரவேண்டும். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர். இங்கேயும் டாண்டினோங் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம்தான். எனக்கு அரசாங்க அலுவலகம் ஒன்றில் பாலங்களுக்குப் படம் கீறும் வேலை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். என்னை 'ஐசே' என்றுதான் கூப்பிடுவார். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் எனக்கு நினைவில் இல்லை. பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரப் பிள்ளைகள்கூட எங்களைப் பார்த்து அவரை 'மாஸ்டர்' என்றே கூப்பிடப் பழகியிருந்தார்கள்.

அவர் ஃபுட்போல் உலகத்துக்குள் போனது தற்செயலாக. புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் என்பதால், புதன்கிழமை பிற்பகல்களில் மைதானத்தில் நின்று பிள்ளைகளைக் கவனிக்கும் வேலையை அவருடைய தலையில் கட்டிவிட்டார்கள். இங்கத்தைய ஃபுட்போல் எங்களுடையது மாதிரி இல்லை. பந்து முட்டை வடிவம். மைதானமும் முட்டை வடிவம். கையாலும் தட்டலாம், காலாலும் உதைக்கலாம், பறந்தும் பிடிக்கலாம். ஆளை இடித்து விழுத்தலாம். அவருக்கு விதிகளே சரியாகத் தெரியாத அந்த நாட்களில், பெரிய கிளப் ஒன்றுக்கு இளம் ஆட்களைத் தேடிக்கொடுக்கும் மனிதர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கம்பளித் தொப்பியைக் கழற்றாத மனிதர். அவரை நாங்கள் எங்களுக்குள் தொப்பிக்காரர் என்றே சொல்லுவோம். தொப்பிக்காரர் பார்க்க வந்தது உயரமான, எல்லோரும் கைதட்டும் ஒரு பையனை. பேச்சுவாக்கில் பக்கத்தில் நின்ற மாஸ்டரிடம் அபிப்பிராயம் கேட்டிருக்கிறார்.

"அந்தப் பையன் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்" என்றாராம் மாஸ்டர். "அங்கே நிற்கிற கட்டையான பையனைப் பாருங்கள். அவன் பந்து வருவதற்கு முன்பே யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்துவிடுகிறான்."

தொப்பிக்காரர் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனாலும் இன்னொரு தடவை வந்து அந்தக் கட்டைப் பையனைப் பார்த்தார். மூன்றாவது குளிர்காலத்தில் அவன் பெரிய கிளப்பின் முதல் அணியில் விளையாடினான். அதற்குப் பிறகு தொப்பிக்காரரின் தொலைபேசி அடிக்கடி வந்தது. இந்த ஊருக்குப் போய் இந்தப் பையனைப் பார்த்துவிட்டு வா என்பார். மாஸ்டர் என்னைப் பார்ப்பார். நான் கார்ச் சாவியை எடுப்பேன்.

கிப்ஸ்லாந்துப் பக்கத்துச் சின்ன ஊர்களுக்கெல்லாம் போயிருக்கிறோம். மைதானத்தைச் சுற்றி முழங்கால் உயரத்தில் ஒரு வேலி இருக்கும். வேலியை ஒட்டிக் கார்களை நிறுத்திவிட்டுச் சனம் உள்ளே இருந்தபடியே ஆட்டம் பார்க்கும். ஒரு கோல் விழுந்தால் எல்லாக் கார்களும் சேர்ந்து ஹோர்ன் அடிக்கும். நாங்கள் போய் இறங்கியதும் சனம் எங்களைத்தான் முதலில் பார்க்கும். கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்ட ஒரு கறுத்த மனிதர், கூட இன்னொருவர். பாதிரிமார் என்று நினைத்து ஒரு கிழவர் எங்களுக்கு எழுந்து இடம் தந்ததும் உண்டு.

முதல் நாளே அவர் எனக்குச் சொன்னார்:

"நீர் பந்தைப் பாக்கிறீர் ஐசே. பந்தை எல்லாரும் பாப்பினம். பந்து இல்லாத நேரம் பெடியன் என்ன செய்யிறான் எண்டு பாரும்."

பந்து மைதானத்தின் ஒரு கோடியில் இருக்கும். சனம் முழுவதும் அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பியிருக்கும். மாஸ்டர் மட்டும் மறுகோடியில் சும்மா நிற்கும் ஒரு பையனைப் பார்த்துக்கொண்டிருப்பார். தொப்பிக்காரருக்கு வேண்டியிருந்தது பெரும்பாலும் நடுவில் நின்று விளையாடும் ஆட்கள். பந்து அவர்களுடைய கை வழியாகத்தான் முன்னுக்குப் போகவேண்டும். மூன்று பேர் தன்மேல் விழ ஓடிவரும்போது, யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று முடிவு எடுக்க வேண்டியவன் நடுவில் நிற்பவன். அப்படிப்பட்டவனைத் தெரிவு செய்ய கிளப்பில் அவர்களுக்கென்று வழிமுறைகள் இருந்தன. உயரம் அளப்பார்கள், ஓடவிட்டு நேரம் பார்ப்பார்கள், ஈரப் பந்தைக் கொடுத்து எவ்வளவு தூரம் உதைக்கிறான் என்று பார்ப்பார்கள். அதெல்லாம் வேண்டும்தான் என்பார் மாஸ்டர். ஆனால் தான் பார்க்கவேண்டியது வேறு என்பார். பிழை விட்ட பிறகு பையன் யாரைப் பார்க்கிறான்? கூட விளையாடுகிறவன் பிழை விட்டால் அவனுடைய முகம் எப்படி மாறுகிறது? தோற்பது நிச்சயமான பிறகும் ஓடுகிறானா? நல்ல வெயிலில் ஒரு தடவை பார்த்த பையனை மழையில் இன்னொரு தடவை பார்க்காமல் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மோர்வெல் பக்கத்தில் ஒரு பையன் இருந்தான். அவன் பந்தோடு செய்த வித்தைகளைப் பார்த்து நானே வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மாஸ்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆட்டத்தின் இடைவேளையில் அணியெல்லாம் பயிற்சியாளரைச் சுற்றி நின்றபோது, தன்னைவிடச் சின்னப் பையன் ஒருவனுடைய காலை அவன் வேண்டுமென்றே மிதித்துக்கொண்டு நின்றதை அவர் கண்டிருக்கிறார். சின்னவன் வலியைக் காட்டாமல் நின்றானாம். "இந்தப் பெரியவனை விட்டுவிட்டு அந்தச் சின்னவனை இரண்டு வருடம் கழித்து வந்து பாருங்கள்" என்று தொப்பிக்காரரிடம் சொன்னார். கிளப் அதைக் கேட்காமல் பெரியவனை எடுத்தது. ஒரு பருவம் முடிவதற்குள் உடைமாற்றும் அறைக்குள் அவனுக்குப் பக்கத்தில் இருக்க யாரும் விரும்பாத நிலை வந்து, ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாஸ்டர் இதைப் பற்றி ஒரு நாளும் பெருமை பேசவில்லை. தன் கண் சரி என்று நிரூபணமாகும்போது அவருடைய முகத்தில் கொஞ்சம் கவலைதான் தெரியும்.

அந்தக் கண்ணை அவரால் மைதானத்தில் விட்டுவிட்டு வர முடியவில்லை. அதுதான் எங்களுக்குச் சங்கடம். ஒரு தைப்பொங்கலுக்கு மாஸ்டர் குடும்பத்தை என் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து கைகழுவும்போது மெதுவாகச் சொன்னார்:

"ஐசே, குறை நினைக்கக் கூடாது. உம்மட மனுசி இஞ்சை இல்லை."

"என்ன மாஸ்டர் சொல்லுறியள்? குசினிக்குள்ள அடுப்படியிலதானே நிக்கிறா."

"சிரிக்கேக்கை யன்னலைப் பாத்துச் சிரிக்கிறா. அவவோட ஒருக்கால் கதைச்சுப் பாரும்."

எனக்குச் சரியான கோபம் வந்தது. என்னுடைய வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு என்னுடைய மனைவியை அளந்துகொண்டிருந்திருக்கிறாரே என்று இரண்டு கிழமை அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனம் கேளாமல், மனைவியிடம் கேட்டேன். கதிரையில் இருந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். பகல் முழுவதும் அந்த வீட்டில் தனியே இருந்து தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது என்றாள். அந்த வருடமே அவள் தட்டெழுத்து வகுப்பில் சேர்ந்து வேலைக்குப் போகத் தொடங்கினாள். நான் மாஸ்டரிடம் நன்றி என்று சொல்லவில்லை. ஆனால் குளிர்காலம் வந்ததும் திரும்பவும் சனிக்கிழமைகளில் கார்ச் சாவியை எடுத்தேன்.

அவருக்கு ஒரே மகன். பதின்மூன்று வயதில் வந்தவன், வந்த அடுத்த வருடமே பந்தும் கையுமாகத் திரியத் தொடங்கிவிட்டான். உள்ளூர்ச் சிறுவர் அணியின் ஆட்டங்கள் ஞாயிறு காலைகளில் நடக்கும். மைதானம் தூரமென்றால் நான்தான் அவனைக் கொண்டுபோய் விடுவேன். விட்டுவிட்டு வர மனம் வராமல் நின்று பார்ப்பேன். எனக்கு ஆட்டம் பெரிதாக விளங்காது. ஆனாலும் பந்து அவனிடம் போகும்போது மற்றப் பையன்கள் ஒரு மூச்சு ஆறுதலாக விடுவது எனக்கே தெரிந்தது.

மாஸ்டர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்து கணிதக் கொப்பிகள் திருத்துவார். ஒரு நாள் காருக்குள் வைத்துக் கேட்டேன்.

"ஊர்ப் பெடியளை எல்லாம் பாக்க ஓடுறியள். உங்கட பெடியனை ஒருநாள் வந்து பாக்கக்கூடாதோ?"

"போனால் பாத்துப்போடுவன் ஐசே."

"அதுக்குத்தானே போறது?"

"பாத்தால் பாத்ததைச் சொல்லவேணும். அவன்ர மூஞ்சியைப் பாத்து நான் என்னெண்டு சொல்லுறது?"

மகனுக்குப் பதினேழு வயதான வருடம் தொப்பிக்காரர் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். தென்கிழக்குப் பக்கத்தில் எல்லோரும் ஒரு பையனைப் பற்றிப் பேசுகிறார்கள், விசாரித்தால் அது உன்னுடைய மகன் என்கிறார்கள், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டார். மாஸ்டர் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். தொப்பிக்காரர் விடவில்லை. "நான் பார்த்தேன், எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கிளப்பில் உன்னுடைய வார்த்தையைக் கேட்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டுச் சொல்" என்றார்.

அடுத்த ஞாயிறு மாஸ்டர் முதல் தடவையாக மகனுடைய ஆட்டத்துக்கு வந்தார். கோட்டுப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு வேலியோரம் நின்றார். மகன் மைதானத்துக்குள் ஓடிவந்தவன் தகப்பனைக் கண்டு ஒரு கணம் நின்றான். அன்று அவன் விளையாடிய விளையாட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பந்து கைக்கு வந்ததும் வேலிப் பக்கம் ஒரு பார்வை. அந்த ஒரு கணத்துக்குள் எதிரணிக்காரன் வந்து விழுத்திவிடுவான். எழும்பும்போது திரும்பவும் வேலிப் பக்கம் பார்ப்பான். நாலு குவாட்டராக ஆடும் ஆட்டத்தில் மூன்றாவது முடிவதற்குள் அவனை வெளியே எடுத்து உட்காரவைத்துவிட்டார்கள்.

மகன் கூட்டாளிகளோடு பின்னால் வருவதாகச் சொல்லிவிட்டான். வீட்டுக்குத் திரும்பும்போது மாஸ்டர் சொன்னார்:

"பெடியன் வெளியாலை பாக்கிறான். நடுவில நிண்டு விளையாடுறவன் வெளியாலை பாக்கக்கூடாது."

"மாஸ்டர், நீங்கள் வந்தபடியால் பாத்தவன். நீங்கள் இல்லாத நாளில நான் எத்தினை தரம் பாத்திருக்கிறன். அவன் ஒருத்தரையும் பாக்கிறேல்லை."

அவர் தன்னுடைய முழங்கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். மனிதர்கள் தாங்கள் பார்க்கப்படுவதை அறியாத நேரத்தில் எப்படி இருக்கிறார்கள் என்பதைத்தான் அவர் இத்தனை காலமும் பார்த்து வந்திருக்கிறார். மகனை அப்படிப் பார்க்க அவருக்கு வழியில்லை.

இரண்டு கிழமை கழித்து அவர் என்னிடம் ஒரு உதவி கேட்டார். மகனுக்குத் தெரியாமல் அவனுடைய ஆட்டத்தை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்றார். அந்த ஞாயிறு நல்ல மழை. மகனை அவனுடைய நண்பன் ஒருவன் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பின்னால் நான் போனேன், என் காரின் பின் இருக்கையில், கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்துக்கொண்டு மாஸ்டர். நாற்பத்தைந்து வயது மனிதர், ஒரு பள்ளிக்கூடமே பயப்படுகிற ஆசிரியர், தன்னுடைய பிள்ளையைப் பார்க்க ஒரு கள்ளனைப்போல் சுருண்டு கிடந்தார். மற்றக் கார்களுக்கு நடுவே வேலியோரமாக நிறுத்திவிட்டு, நான் குடையை விரித்துக்கொண்டு வெளியே நின்றேன். அவர் உள்ளே இருந்து, மூச்சுப் பட்டுப் புகார் படிந்த கண்ணாடியைச் சட்டைப்பை லேஞ்சியால் துடைத்து, கை அளவு இடம் பண்ணிக்கொண்டு பார்த்தார்.

மகன் அன்று விளையாடினான். சேற்றுக்குள் எல்லோரும் விழுந்து எழும்பிக்கொண்டிருக்க, அவன் மட்டும் நேரம் நிறைய இருக்கிறவன் போல நின்றான். இரண்டு பேர் இடிக்க வரும்போதும் பந்து எங்கே போகவேண்டுமோ அங்கே போனது. ஒரு தடவைகூட வெளியே பார்க்கவில்லை. கடைசிக் குவாட்டரில் கூட்டாளி ஒருவன் கையிலிருந்த பந்தை நழுவவிட்டுத் தலையில் கைவைத்து நின்றபோது, இவன் ஓடிப்போய் அவனுடைய தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பினான்.

நான் காருக்குள் ஏறியபோது மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எடுக்கலாம் எண்டு சொல்லப்போறன் ஐசே. கண்டதைத்தான் சொல்லுறன்." லேஞ்சியை மடித்துக்கொண்டு சொன்னார்: "இனி நான் அவன்ர மைதானத்துப் பக்கம் போகமாட்டன். நான் நிண்டால் அவன் கெட்டுப்போவான். இதை நீர் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. வீட்டிலையும் சொல்லக்கூடாது. அவவுக்குத் தெரிஞ்சால் அவனுக்குச் சொல்லிப்போடுவா."

கிளப் அவனை எடுத்தது. முதல் வருடம் இரண்டாம் அணி. அடுத்த வருடம் முதல் அணியில் சில ஆட்டங்கள். கறுத்த பையன் என்பதால் பத்திரிகையில் படமும் வந்தது. அவன் முதல் அணிக்கு விளையாடிய முதல் சனிக்கிழமை, நான் அவருடைய குசினியில் அவரோடு இருந்தேன். என்னுடைய மனைவி அவருடைய மனைவியைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போயிருந்தாள். மேசையில் ரேடியோ. வர்ணனைக்காரன் மூச்சுவிடாமல் கத்திக்கொண்டிருந்தான். மாஸ்டர் காதை ரேடியோவின்மேல் வைக்காத குறை.

"உவன் பந்தை மட்டும்தானே சொல்லுறான்" என்றார் ஒரு கட்டத்தில், தாங்கமுடியாதவர் போல. "பந்து அங்காலை போனால் என்ர பெடியன் என்ன செய்யிறான் எண்டு ஆர் சொல்லுறது?"

அன்று பின்னேரம் பெண்கள் திரும்பி வந்தார்கள். அவருடைய மனைவி கோட்டைக் கழற்றாமலே வந்து குசினி வாசலில் நின்றார். கூட்டத்தில் ஒருவன் மகனுடைய நிறத்தைச் சொல்லிக் கத்தினானாம். பிறகு ஒரு வரிசையே சேர்ந்து கத்தியதாம்.

"எங்களைச் சுத்தி அவ்வளவு சனம். நாங்கள் ரெண்டு பொம்பிளையள். அவன் அங்கை நிண்டு அதைக் கேட்டுக்கொண்டு விளையாடுறான். நீங்கள் பக்கத்தில நிண்டிருக்க வேணும். ஊர்ப்பட்ட பிள்ளையளைப் பாக்க நேரம் இருக்கு உங்களுக்கு. பெத்த பிள்ளையைப் பாக்க வெக்கமோ?"

மாஸ்டர் ரேடியோவை நிறுத்தினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் மனைவியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கத்தேக்கை அவன் திரும்பிப் பாத்தவனோ?"

"இல்லை" என்றார் மனைவி. அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதார்.

அந்த வீட்டில் அதற்குப் பிறகு ஃபுட்போல் பற்றிய பேச்சு நின்றுபோனது. மகன் தகப்பனோடு தேவைக்கு மட்டும் பேசினான், அதுவும் ஆங்கிலத்தில். ஒரு நாள் என்னுடைய காரில் வரும்போது, விக்டோரியா மாநிலம் முழுவதும் உள்ள பையன்களை அப்பா பார்த்துவிட்டார், நான் ஒருவன்தான் மிச்சம் என்று சிரித்துக்கொண்டு சொன்னான். வாக்குக் கொடுத்திருந்ததால் நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

இரண்டாம் குளிர்காலத்தின் நடுவில் அவனுடைய இடது முழங்கால் திருகிப்போனது. ஆபரேஷன் செய்தார்கள். ஆனால் பழைய வேகம் திரும்பவில்லை. கிளப் கைகுலுக்கி அனுப்பிவிட்டது. அவன் நில அளவை வேலை ஒன்றில் சேர்ந்து வெரிபீப் பக்கம் போய்த் தனியாக இருக்கத் தொடங்கினான். அப்போது அங்கே வீடுகள் குறைவு. முட்டைக்கோவாத் தோட்டங்களும் காற்றும்தான். அந்த ஊர் அணிக்குச் சனிக்கிழமைகளில் விளையாடுகிறான் என்று கேள்விப்பட்டோம். மாஸ்டர் தொப்பிக்காரருக்காக மைதானங்களுக்குப் போவதையும் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொண்டார். கேட்டால் கண் முன்னைப்போல இல்லை என்பார்.

எழுபதுகள் முடியப்போகிற ஒரு குளிர்காலத்தில், அவனுடைய தாய் இடித்துத் தந்த மிளகாய்த்தூளைக் கொடுப்பதற்காக நான் வெரிபீக்குப் போனேன். அவன் எனக்குக் கோப்பி போட்டுத் தந்தான். வெளியே மழை. இருவரும் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று ஆங்கிலத்தில் சொன்னான்:

"இப்படி ஒரு மழை நாளில்தான் அங்கிள், அப்பா உங்கள் காருக்குள் இருந்தார்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கிறீர்கள். ஆனால் உங்கள் காரின் கண்ணாடிகள் உள்ளே புகார் பிடித்திருக்கின்றன. உள்ளே யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். பின் கதவுக் கண்ணாடியில் கை அளவுக்கு ஒரு இடம் துடைத்திருந்தது. முதல் குவாட்டரில் பந்தை எடுக்க வேலியோரம் வந்தபோதே கண்டுவிட்டேன்."

"தெரிஞ்சுகொண்டே விளையாடினனியோ?"

"நான் பார்த்தால் அவர் போய்விடுவார் என்று பயந்தேன். அதனால் பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் இறங்கி வருவார் என்று நினைத்தேன். கார் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. அன்று நான் விளையாடியது அவருக்குப் பிடிக்கவில்லை என்று விளங்கிக்கொண்டேன். கிளப் என்னை எடுத்தது அந்தத் தொப்பிக்காரரின் சொல்லில் என்றுதான் நினைத்தேன்."

நான் கொடுத்த வாக்கு அந்த இடத்தில் முடிந்தது. நடந்த எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். குசினியில் ரேடியோவுக்கு முன்னால் தகப்பன் இருந்த இருப்பையும் சொன்னேன். அவன் எழுந்து போய்க் கேத்திலைக் கழுவினான். கழுவின கேத்திலையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றான்.

அங்கிருந்து நேரே மாஸ்டரின் வீட்டுக்குப் போனேன். அவர் குசினி மேசையில் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தார். மனைவி அடுப்படியில் நின்றார். மனைவிக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"மாஸ்டர், நீங்கள் காருக்குள்ள இருந்தது அவனுக்குத் தெரியும்."

அவர் பேனையை மூடினார். "எப்ப கண்டவனாம்?"

"முதல் குவாட்டரிலையே."

"அப்ப மிச்சம் முழுக்க, நான் பாக்கிறன் எண்டு தெரிஞ்சுகொண்டே விளையாடினவனோ?"

"ஓம். நீங்கள் போயிடுவியள் எண்ட பயத்தில திரும்பிப் பாக்கேல்லையாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்தச் சின்ன வயதில், அவ்வளவு பெரிய ஆசையை அடக்கிக்கொண்டு நின்ற ஒரு பையனை அவர் கண்ணுக்கு முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கண்டது விளையாட்டை மட்டும். "எனக்குத் தெரியேல்லையே ஐசே" என்றார். "எனக்குத் தெரியேல்லையே." அப்படி அவர் சொல்லி நான் முன்பு கேட்டதில்லை.

அவருடைய மனைவி அடுப்பை நிறுத்தினார். அவருக்கு எல்லாம் விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. கணவனோடு சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"தம்பி, சனிக்கிழமை கார் கொண்டு வாறீரோ?"

வெரிபீ மைதானம் சின்னது. ஒரு பக்கம் தகரக் கொட்டில், மற்றப் பக்கம் வெளியைத் தாண்டி வெளி. கடல் பக்கத்திலிருந்து வந்த காற்று முகத்தில் அறைந்தது. அன்று மாஸ்டர் காருக்குள் இருக்கவில்லை. மனைவியோடு வேலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். மகன் கண்டான். கை உயர்த்தினான், பிறகு ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டான். அவன் இப்போது நடுவில் விளையாடவில்லை. பின்வரிசையில், ஓட்டம் குறைந்த ஒரு இடத்தில் நின்றான். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றிரண்டு நல்ல பிடிகள், ஒரு பிழை. அணி தோற்றது. தாய் மட்டும் அவன் பந்தைத் தொட்டபோதெல்லாம் கைதட்டினார்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கொட்டில் பக்கம் போக, அவன் எங்களை நோக்கி வந்தான். சேறு தலைமுடிவரை அப்பியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் தகப்பன். நான் கொஞ்சம் விலகி நின்றேன்.

"முழங்கால்" என்றார் மாஸ்டர் கடைசியில். "மூண்டாம் குவாட்டரில இருந்து நோகுது, என்ன?"

அவன் முழு ஆட்டமும் ஓடியிருந்தான். நொண்டியதை நான் காணவில்லை. தாயும் காணவில்லை. அவனுடைய பயிற்சியாளரும் கண்டிருக்கமாட்டார்.

அவன் தகப்பனைப் பார்த்தான்.

"ஓம் அப்பா" என்றான். "சரியா நோகுது."

மாஸ்டர் ஒரு காலைத் தூக்கி வேலிக்கு மேலால் போட்டார். பிறகு மற்றக் காலை. பள்ளிக்கூடத்துக்குப் போடும் சப்பாத்து ஊறிய சேற்றுக்குள் கணுக்கால்வரை புதைந்தது. மகனுடைய கையை எடுத்துத் தன்னுடைய தோளில் போட்டுக்கொண்டார். மகன் அவரைவிட ஒரு சாண் உயரம். பாரத்தை முழுக்கத் தகப்பன் மேல் விடுவதற்கு முதலில் கூச்சப்பட்டான். பாதி மைதானம் போன பிறகு விட்டுவிட்டான் என்பது அவர்கள் நடந்த நடையில் தெரிந்தது.